பழைய நாற்றுப் பண்ணையில் நாற்பது வீடுகள்

லண்டனுக்கு வெளியே எங்கள் ஊரைச் சுற்றி, கட்டடம் வராமல் காக்கப்படும் பசுமை வளையத்தில் வீடு கட்ட யார் விண்ணப்பித்தாலும் ஹிலரி எதிர்த்துப் பேசுவார். அன்றும் அந்த எண்ணத்தோடுதான் நகர்மன்றக் கூட்டத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்த வளையத்துக்குள் மூடிப்போன நாற்றுப் பண்ணையில் நாற்பது வீடுகள் கட்டலாமா என்பது விவாதம்.

முதலில் எங்கள் பஸ் டிரைவர் டேரன் பேசினான். "நான் பொறந்தது இங்கதான். வாடகை கட்டுப்படியாகாம வெளியூர் போயிட்டேன். விடியறதுக்கு முன்ன கெளம்பி வந்துதான் உங்களை ஏத்திட்டுப் போறேன். என் பிள்ளைங்க முழிச்சிருக்கறப்ப பாக்கறதே ஞாயித்துக்கிழமைதான்."

ஹிலரி எழுந்தார். டேரன் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"ஆத்தோரப் புல்வெளிமேல கைவெச்சா சும்மா விடமாட்டேன். ஆனா இந்தப் பண்ணைல செடி வளத்த கூடாரத்தோட உடைஞ்ச கண்ணாடியும் துருப்பிடிச்ச கம்பியும்தான் கெடக்கு. அதையா நான் காப்பாத்தணும்? கட்டுங்க. ஆனா பாதி வீடாவது டேரன் மாதிரி ஆளுங்களுக்குக் கொறைஞ்ச வாடகைக்குக் குடுக்கணும்."

"நீ எந்தப் பக்கம், ஹிலரி?" என்று இப்படி எதிர்ப்பதில் அவருடைய பழைய கூட்டாளியான கிளைவ் கத்தினார்.

"உன் வீடும் ஒரு காலத்துல வயல்தான் கிளைவ், உக்காரு!"

அரங்கமே சிரித்தது. அந்த நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

வெளியே டேரன் ஹிலரியின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தான்.

"போதும் விடுப்பா. பக்கத்துல குடிவந்த பிறகும் பஸ் லேட்டா வந்துச்சுன்னா, உன்மேல மனு போட்டுருவேன்."

இப்போது டேரன் அங்கேதான் குடியிருக்கிறான். கூரையின் நிறம் சரியில்லை என்று ஹிலரி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.