நீங்கள் என்றால் எத்தனை பேர்

இயந்திரத்திலிருந்து சூடாக வெளியே வரும் படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். மருத்துவமனையின் கீழ்த்தளத்திலிருந்த சலவைக்கூடத்தில் அவள் இரண்டு முனைகளைப் பிடிப்பாள். எதிரே மற்ற இரண்டு முனைகளையும் நெட்டை பிடிப்பாள். உயரத்துக்காக எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். இருவரும் நெருங்கி வந்து முனைகளைச் சேர்ப்பார்கள், விலகுவார்கள், மறுபடி நெருங்குவார்கள். விரிப்பை உதறும்போது அது காற்றில் எழும்பி நிற்கும். அந்த ஒரு கணம் எதிரில் நெட்டை இருக்க மாட்டாள். சுவர் இருக்காது, வெள்ளை மட்டும்தான். அந்தக் கணத்துக்குள் அவள் தன் ஊருக்குப் போய்விட்டு வந்துவிடுவாள். மாடிப்படியின் ஐந்தாவது படியிலிருந்த விரிசல், சமையலறை ஜன்னலின் கழன்ற கொக்கி, எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, விரிப்பு கீழே இறங்குவதற்குள் திரும்பிவிடுவாள்.

"எங்கடி போயிட்ட? முனையப் பிடி."

"வந்துட்டேன், வந்துட்டேன்."

ஊரையே காலி செய்யச் சொன்னபோது மகளோடு புறப்பட்டு வந்தவள். ஆறு வருடங்கள் ஆகிவிட்டன. வந்த அன்று கட்டிலுக்கு அடியில் தள்ளிய நான்கு அட்டைப்பெட்டிகளில் இரண்டு இன்னும் கயிறு அவிழ்க்கப்படாமலே இருந்தன. வாடகை வீட்டின் சுவரில் ஓர் ஆணிகூட அடித்ததில்லை. கண்ணாடி சுவரில் சாய்ந்து நின்றது, சட்டைகள் கதவின் மேல் தொங்கின. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. சுவருக்கு அப்பால் காலையில் ஓர் இருமல், சாயங்காலம் தண்ணீர் விழும் சத்தம், அவ்வளவுதான். போகப் போகிறவர்களுக்குப் பழக்கம் எதற்கு?

போகப் போகிறோம் என்பதற்கு அவளிடம் எழுத்திலேயே சான்று இருந்தது. வந்த முதல் வருடம் ஆலயத்தில் ஒரு தட்டில் வேதாகம வசனச் சீட்டுகளை வைத்து ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொன்னார்கள். அவளுக்கு வந்த சீட்டில், நீங்கள் எதிர்பார்க்கிற முடிவு உங்களுக்குக் கிடைக்கும் என்று கடவுள் சொல்லியிருந்தார். அவள் எதிர்பார்த்த முடிவு ஊர் திரும்புவதுதான். ஆனால் அதைவிட முதலில் அவள் நெஞ்சில் தைத்தது 'நீங்கள்' என்ற சொல்தான். இறந்துபோன கணவன் அவளை 'ஏய்' என்றுதான் கூப்பிட்டான். மாமியாருக்கு அவள் 'இந்தா'. மேற்பார்வையாளருக்கு 'மூணாவது மேசை'. மருந்துக்கடையில் 'நீங்க' என்பார்கள், ஆனால் அது கடை மரியாதை, எல்லோருக்கும் உண்டு. கடவுள் ஒருவர்தான் அவளை, அவளை மட்டும், நிற்க வைத்து நீங்கள் என்று சொன்னவர். சீட்டை ஜன்னல் கண்ணாடியில் சாய்த்து வைத்தாள். வெயிலில் அது வெளுத்து, தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது.

மகளோடு சண்டை அந்தச் சீட்டினால்தான் வந்தது. மகள் இந்த ஊர்க்காரன் ஒருவனைக் கட்டிக்கொள்ள விரும்பினாள். மின்வேலை செய்கிறவன், தலை குனிந்து பேசுகிறவன்.

"இங்க சம்பந்தம் பண்ணிட்டா அப்புறம் இங்கயே கெடக்க வேண்டியதுதான்."

"கெடந்தா என்னம்மா? ஆறு வருஷமா பறந்துக்கிட்டா இருக்கோம்?"

"திரும்பிப் போவோம்னு எழுதியிருக்கு."

"அந்தத் துண்டுச் சீட்டுலயா? அதுக்கு முன்னாடி என்ன எழுதியிருக்கு, பின்னாடி என்ன எழுதியிருக்கு, படிச்சியா?"

படித்ததில்லை. அதற்காகத்தான் சனிக்கிழமை வேதாகம வகுப்பில் சேர்ந்தாள். ஒழுங்காகப் படித்து, மகள் வாயடைக்கிற மாதிரி எடுத்துக் காட்ட வேண்டும். அவனும் அவன் அம்மாவும் வந்து பேசுவதற்கு ஆறு வாரம் தவணை வாங்கிக்கொண்டாள்.

வகுப்பு ஆலயத்தின் பின்னறையில் நடந்தது. அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், ஈரத்துணி வாசம், ஐந்து பேர். நடத்தியவள் மருந்துக்கடைக்காரி. அவளைவிடப் பத்து வயது சின்னவள், எதையும் கடைப் பாஷையில்தான் சொல்வாள். "டாக்டர் சீட்டு வந்தா நான் மொதல்ல மருந்தப் பாக்க மாட்டேன். பேரத்தான் பாப்பேன். யாருக்கு எழுதினது, எப்ப எழுதினது. வேதமும் அப்படித்தான்." வகுப்பு சிரிக்கும். ஆனால் வாரம் போகப் போக, மகளை மடக்கப் படிக்க வந்தவளுக்கு அந்த வேலை பிடித்துப்போனது. ஒரு பக்கத்தை எடுத்து, யார் பேசுகிறார் என்பதற்கு ஒரு கோடு, யாரிடம் என்பதற்கு இரண்டு கோடு. பென்சிலோடு போகும்போது, இத்தனை நாளும் தட்டையாகக் கிடந்த பக்கத்தில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் கேட்டார், ஒருவர் கோபித்தார், ஒரு கூட்டம் பின்னால் நின்று முணுமுணுத்தது. சலவைக்கூடத்தில் விரிப்பை உதறும்போதும் அவர்கள் அந்த வெள்ளைக்குப் பின்னால் நடந்துபோவது போலிருக்கும்.

ஆறாவது சனிக்கிழமை தன் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இத பாக்கணும்."

மருந்துக்கடைக்காரி வேதத்தில் அந்த இடத்தைப் புரட்டிக் கொடுத்தாள். "இது ஒரு கடுதாசிக்கா. ஊரவிட்டுப் பிடிச்சிட்டுப் போன சனங்களுக்கு ஒரு தீர்க்கதரிசி எழுதினது. 'நீங்கள்'னு இருக்கறதுக்கு ரெண்டு கோடு போடுங்க."

"அது என்னைச் சொல்றது. மரியாதையா."

மருந்துக்கடைக்காரி பென்சிலை உருட்டினாள். "இந்த வேதத்துல கடவுள் ஒரே ஆள்கிட்ட பேசினா 'நீ'தாங்கா. ராஜாவா இருந்தாலும் 'நீ'தான். 'நீங்கள்'னு வந்தா கூட்டம்."

"கூட்டமா?"

"ஆமா. நீங்கள்ளாம்."

யாரோ அவள் கையிலிருந்த விரிப்பின் எதிர்முனையை விட்டுவிட்டது போலிருந்தது. "அடுத்தவங்க சீட்டுல மருந்து வாங்கித் தின்னிருக்கேன்னு சொல்ற" என்றாள். "தின்னுட்டும் இத்தன வருஷம் நல்லாத்தான் இருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. "மேலேருந்து வாசிங்கக்கா" என்றாள் மருந்துக்கடைக்காரி.

வாசித்தாள். சீட்டில் இருந்ததற்கு ஒரு வரி மேலே, எழுபது வருடம் ஆகும் என்று இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தாள். கொள்ளுப்பேரன்தான் போய் ஐந்தாவது படியைப் பார்க்க வேண்டும். இன்னும் மேலே போனாள். வீடு கட்டிக் குடியிருக்கச் சொல்லியிருந்தது. தோட்டம் போடச் சொல்லியிருந்தது. பெண்களைக் கட்டிக்கொடுக்கச் சொல்லியிருந்தது. நீங்கள் இருக்கிற அந்த ஊர் நன்றாக இருக்கும்படி வேண்டிக்கொள்ளுங்கள், அது நன்றாக இருந்தால்தான் நீங்களும் நன்றாக இருப்பீர்கள் என்றும் இருந்தது. கட்டிக்கொடுக்கச் சொன்ன வரியின் மேல் பென்சில் நின்றது. அதைச் சண்டைக்கு முன்பே மகள் படித்திருப்பாளோ என்று ஒரு சந்தேகம் வந்தது.

"ஆனா இது அவங்களுக்கு எழுதினதுதானே? எனக்கு இல்லையே" என்றாள்.

"அவங்களுக்குத்தான்."

"அப்ப நான் என்ன பண்றது?"

"அது எனக்குத் தெரியாதுக்கா. யாருக்கு எழுதினதுன்னு மட்டும்தான் எனக்குச் சொல்லத் தெரியும்."

திரும்பி நடந்தபோது சாயங்கால வெயில் கடைப் பலகைகளில் வழிந்துகொண்டிருந்தது. இந்தத் தெருவில் ஆறு வருடமாகப் போய் வந்திருக்கிறாள், ஒரு பலகையைக்கூட முழுதாக வாசித்ததில்லை. எதிரே வந்தவர்கள் பைகளோடும் குழந்தைகளோடும் அவளைத் தாண்டிப் போனார்கள். நீங்கள்ளாம், என்று சொல்லிப் பார்த்தாள். தன் ஒருத்திக்கு மட்டும் கிடைத்த மரியாதை போய்விட்டது. போன இடம் வலித்தது. ஆனால் அந்த வலியைச் சுற்றி ஏகப்பட்ட பேர் நிற்பது போலவும் இருந்தது, பெட்டிகளைக் கயிறு அவிழ்க்காமல் வைத்திருந்த ஏகப்பட்ட பேர்.

மறுநாள் மூன்று மணிக்கு அவனும் அவன் அம்மாவும் வருவதாக இருந்தது. இரண்டரைக்கு மகள் வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அம்மா என்ன சொல்வாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கப் பயம். கட்டிலுக்கு அடியிலிருந்து கயிறு அறுபடும் சத்தம் கேட்டுத்தான் உள்ளே வந்தாள்.

அம்மா தரையில் உட்கார்ந்து, பழைய சுவர்க்கடிகாரத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்ற?"

"ஆணி இருக்கா?"

"நம்ம வீட்டுல ஏது ஆணி?"

"அவன் மின்வேலை செய்றவன்தானே. ரெண்டு ஆணி எடுத்துட்டு வரச் சொல்லு. சுத்தியும்."

மகள் கைபேசியை எடுத்தாள். விரல் சரியான எழுத்தில் படவில்லை, அழித்து அழித்து அடித்தாள். அம்மா கடிகாரத்தைக் கட்டிலில் வைத்துவிட்டுச் சுவரருகே போனாள். உள்ளே கம்பி ஓடுகிற இடத்தில் ஆணி அடிக்கக் கூடாது என்று யாரோ சொன்னது நினைவிருந்தது. காதைச் சுவரில் வைத்து, விரல் முட்டியால் மெல்லத் தட்டினாள். சற்று மேலே தட்டினாள். இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்.

சுவருக்கு அப்பாலிருந்து யாரோ இருமினார்கள். பிறகு, மிக அருகில், அவள் காது இருந்த இடத்துக்கு நேராக, இரண்டு முறை பதிலுக்குத் தட்டும் சத்தம் கேட்டது.

அவள் கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.