ஒரு நிமிஷம் வாங்களேன்

எழுத்தாளரின் கையைப் பிடித்த பத்திரிகை ஆசிரியர் விடுவதாக இல்லை. கூடத்தின் நடுவில் எழுத்தாளரின் மனைவி வெள்ளைத் துணிக்கடியில் கிடந்தாள்.

"சார், உங்க காலயந்திரத் தொடரைப் படிச்சப்புறம்தான் நான் என் பொண்டாட்டி முகத்தையே நிமிர்ந்து பாக்க ஆரம்பிச்சேன். எந்தக் காலத்துக்கு வேணும்னாலும் போகலாம்னு இருக்கிறவன், செத்துப்போன பொண்டாட்டி வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்த ஒரு சாதாரணக் காலையைக் கேட்டு வாங்கிட்டுப் போறானே. எப்பேர்ப்பட்ட மனசு சார் உங்களுக்கு."

மனசாம், மனசு. அந்த மனிதர் செருப்பால் அடித்திருந்தால்கூட இவருக்கு இவ்வளவு கூசியிருக்காது.

நேற்றுக் காலை தொடரின் கடைசி அத்தியாயத்தில் இருந்தார். கதாநாயகன் பழைய காலத்து அடுக்களை வாசலில் நின்று, ஒரே ஒரு தடவை அவள் தன்னைக் கூப்பிட மாட்டாளா என்று ஏங்குகிற இடம். அப்போது பார்த்து, நிஜ அடுக்களையிலிருந்து நிஜக் குரல் வந்தது.

"ஏங்க, ஒரு நிமிஷம் வாங்களேன். காபித்தூள் பாட்டில் திறக்க மாட்டேங்குது."

"வேலையா இருக்கேன்ல? உயிரை வாங்காத."

சொன்னதோடு விட்டாரா, எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டார். ஏங்குகிற இடம் நன்றாகவே வந்தது. எழுதி முடித்து வெளியே வந்தபோது அவள் அடுப்பு மேடையோரம் தரையில் சாய்ந்து கிடந்தாள், உடம்பு சில்லிட்டுப்போய். மாரடைப்பு என்றார் டாக்டர். பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், இவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எல்லாம் முடிந்து திரும்பிய சாயங்காலம், வந்திருந்தவர்களுக்குக் காபி போட மச்சினி பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்கப் போனவரிடம், "அத்தான், அந்தத் தூள் பாட்டிலை இப்படிக் குடுங்க" என்றாள்.

நேற்று வைத்த இடத்திலேயே இருந்தது.

"இரு, நான் திறந்து தரேன். உங்கக்காவால முடியல."

பல்லைக் கடித்துக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டித் திருகினார். மூடி கையோடு வந்துவிட்டது. தூள் சட்டையெல்லாம் கொட்டியது. மூடி இறுகியிருக்கவே இல்லை.

"அக்காவால முடியலையா?" மச்சினிக்கு அழுகையினூடே சிரிப்பு வந்தது. "எங்க வீட்டுல எந்த மூடி இறுகினாலும் அவகிட்டதான் நீட்டுவோம். உங்களைச் சும்மா கூப்பிட்டிருப்பா, அத்தான்."

பால் பொங்கி வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு மச்சினி கையை நீட்டினாள்.

அவர் மூடியைத் திரும்பப் போட்டு, இறுக்கிக்கொண்டே இருந்தார்.