பிலோமினாவின் பன்னிரண்டு கிலோ

ஊட்டியில் ஒருவர் இளைத்தால், குறைந்த எடை மறுநாள் விடிந்ததும் அவர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்திருக்கும். அரைக் கிலோ என்றால் பூனை அளவு இருக்கும். மூன்று கிலோவைத் தாண்டிவிட்டால் நடக்கும், பேசும், போட்டுக்கொள்ள ஏதாவது கேட்கும். அதை வாசலிலேயே வைத்திருப்பது ஆபத்து. எந்தத் தீனியால் அது வந்ததோ அந்தத் தீனி நம் வாய்க்குள் போவதைப் பார்த்துவிட்டால், மறுபடி நம் மேல் ஏறிக்கொள்ளும். தடுக்க யாருக்கும் உரிமை கிடையாது. அதனால் செவ்வாய்க்கிழமைகளில் ஊர்க்காரர்கள் தங்கள் எடையைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். கீழே அதற்கு வேறு ஆள் கிடைத்துவிடும். சுற்றுலா வந்து போனவர்கள் ஊர் திரும்பியதும் இரண்டு கிலோ கூடிவிட்டதே என்று புலம்புவது இதனால்தான். பாவம், அவர்கள் ஓட்டல் சாப்பாட்டைத் திட்டுவார்கள்.

பிலோமினாவுக்கு எண்பத்து நான்கு கிலோ. வயது ஐம்பத்து மூன்று. சேரிங் கிராஸ் பக்கம் நஞ்சுண்டனின் சாக்லேட் கடையில் இருபத்திரண்டு வருடமாக வேலை. இளக்கிய சாக்லேட்டைப் பளிங்கு மேஜையில் கொட்டி, இரண்டு தகடுகளால் இழுத்து, மடித்து, மறுபடி இழுத்துப் பதத்துக்குக் கொண்டுவருவது அவள் வேலை. அதை நின்றுகொண்டுதான் செய்ய வேண்டும். அவளுடைய முட்டி இரண்டும் இனிமேல் நிற்க முடியாது என்று ஜூன் மாதம் சொல்லிவிட்டன. நவம்பர் கடைசிக்குள் எழுபத்திரண்டுக்கு வந்தால் ஆபரேஷன் செய்யலாம், இல்லாவிட்டால் கத்தியைத் தொட மாட்டேன் என்றார் டாக்டர் ஹேமலதா.

நஞ்சுண்டன் நல்ல மனிதன். அவன் அப்பா காலத்திலிருந்தே பிலோமினா அங்கே இருப்பதால் அவளிடம் குரலை உயர்த்த மாட்டான்.

"அக்கா, பேக்கிங் ரூமுக்கு வந்துடுங்க. நாற்காலி போட்டுத் தரேன். உக்காந்துட்டே ரிப்பன் கட்டலாம்."

பேக்கிங் அறையில் ஜன்னல் இல்லை. அங்கே வருகிற சாக்லேட் எல்லாம் ஏற்கெனவே காகிதம் சுற்றி வரும், வாசனையே இருக்காது.

"நாக்கும் என்னோடது, முட்டியும் என்னோடது தம்பி. ரெண்டையும் நானே பாத்துக்கறேன்" என்றாள்.

சோற்றை ஒரு கரண்டியாகக் குறைத்தாள். நான்கு மணி டீக்கு வர்க்கி பிஸ்கட் தொட்டுக்கொள்வதை நிறுத்தினாள். விடிந்ததும் ஏரியைச் சுற்றி நடந்தாள். முட்டி வலித்தது. அதைத் திட்டிக்கொண்டே நடந்தாள். ஒன்பதாம் நாள் காலை, படகுத் துறைக்கு வேலைக்குக் கிளம்பிய அவள் கணவன் இருதயராஜ் கதவைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார்.

"பிலோமி, உன்னோடது ஒண்ணு வந்திருக்கு."

வாசற்படியில் ஒரு கிலோ உட்கார்ந்திருந்தது, முட்டியில் கை வைத்துக்கொண்டு. பிலோமினா அதற்குப் பழைய ஸ்வெட்டர் கையை வெட்டிப் போட்டுவிட்டாள். இருதயராஜ் சக்கரை போடாத டீ கொடுத்தார். ஜூலைக்குள் அது நான்கு கிலோவாகிவிட்டது, நடந்தது. செவ்வாய்க்கிழமை அதைக் கூட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனாள். கண்டக்டர் படியில் நின்றபடி கேட்டார்.

"என்ன எடைக்கா இது?"

"சாக்லேட்."

"சாக்லேட்டா? அது ஏறாதுக்கா. சோறு ஏறும், போண்டா ஏறும், வர்க்கி தானா வந்து உக்காந்துக்கும். சாக்லேட்டுக்கு ஜன்னலோரம் குடுத்தாலும் ஏறாது."

அது ஏறவில்லை. பஸ் போன பிறகு பிலோமினாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே கடை வரை வந்தது.

கடையில்தான் சிக்கல். அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சாக்லேட் பதம் வந்ததும், செய்தவர் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். தலையாட்டாமல் ஒரு தட்டும் வெளியே போகாது. பதம் கெட்டதென்று தள்ளவும் வாயில் போட்டுப் பார்த்துத்தான் தள்ள வேண்டும். இது எல்லாமே சுற்றுலாக்காரர்கள் பார்க்கிற மாதிரி பெரிய கண்ணாடிக்குப் பின்னால் நடக்கும். கூட்டம் சேர்வதே அதைப் பார்க்கத்தான் என்பதால் திரை போட முடியாது. எடையும் அந்தக் கூட்டத்தோடு நின்று கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு பார்த்தது. பிலோமினா வாயில் துண்டைப் போட்டாள், தலையாட்டினாள். அன்று சாயங்காலம் வீட்டுப் படி ஏறும்போது நான்கு கிலோவும் அவள் மேல் இருந்தது.

மறுபடி இளைத்தாள். மறுபடி அது வாசலில் வந்து உட்கார்ந்தது, கண்ணாடிக்கு வந்தது, ஏறிக்கொண்டது. மூன்று தடவை இப்படி ஆயிற்று. வேறு ஒருத்தியாக இருந்தால் பேக்கிங் அறை நாற்காலிக்குத் தலையணை வாங்கியிருப்பாள். பிலோமினாவுக்கு ஆத்திரம்தான் வந்தது. எடையின் மேல் வரவில்லை. அது அதன் வேலையைச் செய்கிறது. சாக்லேட்டை இனிமேல் பயந்துகொண்டே தின்ன வேண்டியிருக்கிறதே என்றுதான் ஆத்திரம். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு துண்டைக்கூட அவள் அப்படித் தின்றதில்லை.

வழி ஆகஸ்டில் கிடைத்தது. கடை முகப்பில் வருகிறவர்களுக்கு ருசி பார்க்கத் துணுக்குகள் கொடுப்பார்கள். நஞ்சுண்டன் வரிசையில் நின்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே வந்தவன், எடைக்கும் ஒன்று கொடுத்துவிட்டான். அது வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடியது.

பிலோமினா தகட்டைக் கீழே வைத்தாள். இது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் துணுக்குத் தின்கிறவர்களின் கண் மூடுகிறதா என்று பார்த்துத்தான் அவள் தன் கைப்பதத்தை நம்புவாள். சுமாரான சாக்லேட்டுக்குக் கண் சிமிட்டும். நல்ல சாக்லேட்டுக்கு, மாதா கோவிலில் சொல்கிற பரலோக மந்திரத்தை ஒரு தடவை சொல்லி முடிக்கிற நேரம் மூடியிருக்கும். மூடிய கண் பார்க்காது. எடை பார்க்காத சாக்லேட் உடம்பில் ஒட்டாது.

"தம்பி, அது உள்ள வந்து என் பக்கத்துல நிக்கட்டுமா?"

"குல்லா போட்டுட்டு வரட்டும்க்கா" என்றான் நஞ்சுண்டன்.

அன்று முதல் எடை குல்லா போட்டுக்கொண்டு மேஜைக்குப் பக்கத்தில் நின்றது. பதம் வந்ததும் பிலோமினா முதல் துண்டை அதற்குக் கொடுப்பாள். அதன் கண் மூடும். உடனே தன் துண்டைத் தன் நாக்கில் வைத்துக்கொள்வாள். அவள் கண்ணும் மூடிக்கொள்ளும். மனசுக்குள் பரலோக மந்திரம் ஓடும். முன்பெல்லாம் ருசி பார்க்கிற சாக்கில் பாளம் பாளமாகத் தின்றவள், இப்போது நகத்தளவு துண்டு கரைகிறவரை அதைவிட்டு எங்கும் போகவில்லை. முதலில் கசப்பு, அப்புறம் பால், கடைசியில் எங்கேயோ கொஞ்சம் உப்பு. இத்தனை வருடமாக இந்த உப்பைக் கவனிக்காமல் விட்டுவிட்டோமே என்று அவளுக்கு வருத்தமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. மந்திரம் முடிகிறபோது விழுங்கிவிடுவாள். எடை கண் திறக்கும்போது அவள் தலையாட்டிக்கொண்டிருப்பாள்.

அவள் இளைத்தாள். எண்பது, எழுபத்தெட்டு, எழுபத்தைந்து. எடை பெருத்தது. அவளிடமிருந்து குறைந்ததெல்லாம் வந்து அதோடு சேர்ந்தது போக, அது தானாகத் தின்றதும் சேர்ந்தது. அக்டோபரில் பத்தொன்பது கிலோ. நவம்பரில் இருபத்தாறு, அவள் தோள் உயரம். ராத்திரி சமையலறையில் படுத்துக்கொண்டது. இருதயராஜ் ஒரு நாள் அதையும் பிலோமினாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்ப ஏறிச்சுன்னா மொத்தமா ஏறிடும் பிலோமி."

"தெரியும்."

"தொண்ணூத்தெட்டு."

"தெரியுங்க."

டாக்டர் சொன்ன நாள் வந்தது. காலையில் தராசு எழுபத்திரண்டு சரியாகக் காட்டியது. மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி. ஒரே ஒரு தட்டு முடித்துவிட்டுப் போகலாம் என்று பிலோமினா கடைக்கு வந்தாள். வெளியே மூடுபனி இறங்கிக் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. மூடுபனி நாளில் ஜன்னலோரம் மாட்டியிருக்கிற கரண்டியில் ஈரம் பூத்திருக்கும். அதை மூன்று தடவை துடைக்காமல் சாக்லேட்டில் விடக்கூடாது. இதைப் புதிதாக வருகிற பெண்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். அன்றைக்கு அவள் நினைப்பெல்லாம் எழுபத்திரண்டில் இருந்தது. துடைக்காமல் விட்டுவிட்டாள்.

மேஜையில் கொட்டியதுமே சாக்லேட் இறுகியது. தகட்டுக்குக் கீழே மணல் மாதிரி நரநரத்தது. கெட்டது என்று கண்ணுக்குத் தெரிகிறது, ஆனாலும் வாயில் போடாமல் தள்ள முடியாது. வெளியே ஒரு குடும்பம் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. எடைக்கு ஒரு துண்டு கொடுத்தாள். அதன் கண் மூடியது. தன் துண்டை நாக்கில் வைத்தாள்.

மந்திரத்தின் முதல் வரி முடியவில்லை, எடை கண்ணைத் திறந்துவிட்டது.

அது பார்த்தது. பிலோமினாவும் அதைப் பார்த்தாள். வாயில் துண்டு இருந்தது. எடை இரண்டு கைகளையும் தூக்கி அவள் தோளில் வைத்தது. இருபத்தாறு கிலோவின் கை எப்படி இருக்கும் என்று அவள் முட்டிகளுக்கு உடனே புரிந்தது. தட்டை வாங்க வந்த நஞ்சுண்டன் கதவருகில் நின்றுவிட்டான். அவனுக்குப் பின்னால் பேக்கிங் அறைக் கதவு திறந்திருந்தது, நாற்காலி தெரிந்தது.

பிலோமினா கெஞ்சவில்லை. துப்பவும் இல்லை. நரநரவென்று மென்று விழுங்கினாள். விழுங்கிவிட்டுச் சொன்னாள்.

"ஏறணும்னா ஏறிக்கோ. அது உன் உரிமை. அதுக்கு முன்னாடி நான் சொல்ல வேண்டியதச் சொல்லிடறேன். தம்பி, இந்தத் தட்டு வெளிய போகாது. கரண்டியில ஈரம் இருந்திருக்கு. நான் தொடைக்கல. தப்பு என்னோடது."

அவள் தலையை இடமும் வலமும் ஆட்டினாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் அப்படி ஆட்டியது அன்றுதான் முதல் தடவை.

எடை நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தது. முகத்தைச் சுளித்தது.

"இதுக்கெல்லாம் ஏற முடியாது" என்றது.

தோளிலிருந்து கையை எடுத்துவிட்டுத் துணியைத் தேடி எடுத்தது. கரண்டியை ஒரு தடவை துடைத்தது, இரண்டாம் தடவை துடைத்தது, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மூன்றாம் தடவையும் துடைத்தது. பிலோமினாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டே குல்லாவைக் கழற்றினாள்.

ஆஸ்பத்திரித் தராசும் எழுபத்திரண்டு காட்டியது. ஆபரேஷன் நடந்தது. கிறிஸ்துமஸ் கூட்டத்துக்கு மேஜையில் நிற்க வேறு ஆள் இல்லாததால் எடைதான் நின்றது. அது இழுத்தது, மடித்தது, வாயில் போட்டது, தலையாட்டியது. சில தட்டுகளைத் தள்ளியும் வைத்தது. அது பிலோமினாவைவிடக் கறார் என்று நஞ்சுண்டன் வீட்டுக்கு வந்து சொன்னான். தினமும் சாயங்காலம் எடை அவளுக்கு ஒரு துண்டு கொண்டுவரும். காலைத் தலையணையில் நீட்டிக்கொண்டு பிலோமினா அதை வாயில் போட்டுக்கொள்ளும்போது, எடை சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொள்ளும். அப்படித் திரும்பி நிற்கும்படி யாரும் அதற்குச் சொல்லவில்லை. மந்திரம் முடிந்ததும் பிலோமினா தொண்டையைச் செருமுவாள். அது இந்தப் பக்கம் திரும்பி அன்றைக்குக் கடையில் நடந்ததைச் சொல்லும்.

பொங்கல் கழிந்து அவள் வேலைக்குத் திரும்பினாள். கடைப் படி எட்டையும் கைப்பிடியைத் தொடாமல் ஏறினாள். இரண்டு பேரும் மேஜையின் இரண்டு பக்கமும் நின்றார்கள், ஆளுக்கு இரண்டு தகடு. எடை நாற்பத்தோரு கிலோவுக்கு வந்திருந்தது. நின்று நின்று அதற்கு முட்டி வலி. மத்தியானத்துக்கு மேல் காலை மாற்றி மாற்றி வைத்தது. பேக்கிங் அறைக்குப் போகிறாயா என்று நஞ்சுண்டன் கேட்டதற்கு, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டது. டாக்டர் ஹேமலதா ஆறு கிலோ குறைக்கச் சொன்னார். மறுநாளிலிருந்து அதுவும் பிலோமினாவோடு ஏரியைச் சுற்றி நடந்தது.

ஒன்பதாம் நாள் காலை புல்லெல்லாம் உறைபனி. இருதயராஜ் கதவைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார்.

"பிலோமி, உன்னோடதுக்கு ஒண்ணு வந்திருக்கு."

வாசற்படியில் அரைக் கிலோ உட்கார்ந்திருந்தது, பூனை அளவு. எடை போய் அதன் பக்கத்தில் குந்தி அதற்கு டீயை ஆற்றிக் கொடுத்தது. பிலோமினா உள்ளே பீரோவைத் திறந்து, குல்லாவில் சின்ன அளவு ஏதாவது இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தாள்.