மூன்று தட்டு

கதவுக்குப் பின்னால் சாய்ந்திருந்த மஞ்சள் குடையை அப்தோன் எடுத்தபோது கூடத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. மலைமேல் இருக்கும் கித்தோ நகரத்தில் காலை வெயிலை நம்பிக் குடை இல்லாமல் போகிறவன் மத்தியானம் நனைந்துதான் திரும்புவான், அது சரி. ஆனால் பெண்டாட்டியின் சவப்பெட்டியை நடுக்கூடத்தில் வைத்துவிட்டு இந்த மனுஷன் எங்கே கிளம்புகிறார் என்று எல்லோரும் பார்த்தார்கள்.

லஸ்தேனியா முந்தின நாள் விடியற்காலையில் போய்ச் சேர்ந்தாள். காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் சுண்டிப் பாத்திரம் கருகிய வாடைதான் அப்தோனை எழுப்பியது. இன்று மூன்று மணிக்குக் கல்லறைக்குத் தூக்க வேண்டும்.

"துக்கம் கேக்க வர்றவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றாள் மாருஹா. லஸ்தேனியாவின் அக்கா. நேற்றிலிருந்து காப்பி, ரொட்டி, மெழுகுவர்த்தி எல்லாம் அவள் கையில்தான் இருந்தது.

"பத்து மணிக்கு அவ ஊர் சுத்திக் காட்டற ஆளுங்க சதுக்கத்துல வந்து நிப்பாங்க, அக்கா. சொல்லிட்டு வந்துடறேன்."

போனில் சொன்னால் ஆகாதா என்று மாருஹா கேட்டாள். அப்தோனுக்குப் பொய் அவ்வளவாக வராது. குடையோடு படியிறங்கிவிட்டார்.

உண்மையில் அவரைக் கிளப்பிவிட்டதே மாருஹாதான். விடிந்ததும் தெருக்கதவை யாரோ சாத்தப் போக, அவள் பதறிப்போய்த் தடுத்தாள். செத்தவர்கள் மண்ணுக்குள் போகுமுன் உயிரோடு இருந்தபோது வைத்த காலடிகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு வருவார்கள், கதவு திறந்தே இருக்கட்டும் என்றாள். அந்தப் பேட்டையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மழை நனைக்கும் என்பதுபோல.

அப்தோன் அப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்கும் சந்தைக்கும் இடையே அவள் வைத்த அடிகள் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் சான் பிரான்சிஸ்கோ சதுக்கத்திலிருந்து லா ரோந்தா சந்துவரை. இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு, பழைய பட்டணத்தின் கதைகளைச் சொல்லிக்கொண்டு அந்த வழியில்தான் நடந்தாள். இன்று சனிக்கிழமை. பத்து மணிக்கு அவள் வேறு எங்கே இருப்பாள்?

அவளோடு அந்த வழியில் அவர் ஒருமுறைகூட நடந்ததில்லை. வாரா வாரம் குடையை எடுக்கும்போது "வர்றீங்களா?" என்பாள். "நான் பொறந்த தெருவ எனக்கே காட்டப் போறியா? அடுத்த வாரம் பாக்கலாம்" என்பார். முதலில் அது வேடிக்கைப் பேச்சாக இருந்தது. பிறகு சாப்பாட்டுக்கு முன் கை கழுவுவதுபோல வழக்கமாகிவிட்டது. அவளும் கேட்பதை நிறுத்தவில்லை, அவரும் பதிலை மாற்றவில்லை.

தேவாலயத்து முன்படிகளில் எஃப்ரெயின் நின்றிருந்தான். லஸ்தேனியாவோடு சேர்ந்து இந்த வேலையைப் பார்த்துவந்தவன், நாற்பது வயது, தொப்பைக்காரன். அவனைச் சுற்றி ஒன்பது பேர். அப்தோனைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டான். ஆட்களை நடுத்தெருவில் நிற்கவிட்டால் லஸ்தேனியாக்காவுக்குப் பிடிக்காது, அதனால்தான் வந்தேன், மூன்று மணிக்குத் தோள் கொடுக்க வந்துவிடுவேன் என்றான். எங்கே அப்தோன் மாஸ்டர் தன்னைத் தப்பாக நினைத்துவிடுவாரோ என்று பயம்.

"நான் பின்னாடியே நடந்து வர்றேன்" என்றார் அப்தோன். "யாருன்னு சொல்லாத. அவ எப்படிச் சொல்வாளோ அப்படியே சொல்லு. ஒண்ணையும் விட்டுடாத."

எஃப்ரெயின் அவர் கையிலிருந்த குடையைப் பார்த்தான். சரி என்று தலையாட்டினான்.

நடந்தார்கள். அப்தோனுக்குக் கறுப்புக் கோட்டு, கையில் மஞ்சள் குடை. பாவம், யாரோ தனிக்கட்டை என்று நினைத்திருப்பார்கள். சதுக்கத்துக் கல் ஒவ்வொன்றும் அவர் சின்ன வயதில் உருண்டு புரண்டு விளையாடியதுதான். ஆனால் எஃப்ரெயின் வாயிலிருந்து வந்ததெல்லாம் லஸ்தேனியாவின் பேச்சு. "அவசரம் வேண்டாம், முந்நூறு வருஷமா இங்கதான் நிக்குது, ஓடிப்போயிடாது." இதைத்தானே அவர் சூப்பை ஆறவிடாமல் வாயில் வைக்கும்போதெல்லாம் சொல்வாள்! தனக்கென்றே சொன்னது என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். ஊருக்கெல்லாம் வாரி வழங்கியிருக்கிறாள். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

கூட்டத்தில் குவாயாகில் துறைமுகத்திலிருந்து வந்த ஒரு பருத்த அம்மாள் இருந்தாள். மேட்டில் ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உங்க ஊர்ல மூச்சைக்கூட மேட்ல ஏறிப் போய்த்தான் வாங்கிட்டு வரணும் போலிருக்கு."

"கடற்கரைக்காரங்க கொஞ்சம் வாயை மூடினா மூச்சு தானா வரும்னு எங்க லஸ்தேனியாக்கா சொல்வாங்க" என்றான் எஃப்ரெயின். அந்த அம்மாள்தான் முதலில் சிரித்தாள். அப்தோனும் சிரித்துவிட்டார். சிரித்தபிறகுதான் இன்று என்ன நாள் என்று நினைவு வந்தது.

ஒவ்வொரு முனை திரும்பும்போதும் அவர் எட்டி முன்னால் பார்த்தார். சொன்னால் வெட்கம்தான், ஆனாலும் பார்த்தார். பூ விற்கிறவளின் முதுகு, போலீஸ்காரரின் முதுகு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் முதுகுகள். கொஞ்சம் கூன் விழுந்த, சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்ட அந்த முதுகு மட்டும் எங்கும் இல்லை.

கன்னியர் மடத்துச் சுவரில், சுற்றும் பெட்டிபோல ஒரு மரச் சுழல் இருக்கிறது. இந்தப் பக்கம் நிற்பவர்களை உள்ளே இருக்கும் கன்னியாஸ்திரி பார்க்க மாட்டார். சுழலைத் திருப்பினால் இனிப்பும், பூசைக்கு அப்பம் வெட்டியபோது மிஞ்சிய ஓரத் துண்டுகளும் வெளியே வரும். அப்தோன் கற்தரையில் குடையை ஊன்றி ஊன்றி வந்து நின்றார். எஃப்ரெயின் வாயைத் திறக்கும் முன்பே உள்ளேயிருந்து ஒரு வயதான குரல் கேட்டது.

"லஸ்தேனியா, வந்தாச்சா? இன்னிக்கு என்னம்மா நடை இவ்வளவு மெதுவா இருக்கு?"

எஃப்ரெயின் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான். சுழல் முனகிக்கொண்டே திரும்பியது. அதில் ஒரு சிறு பொட்டலம். "உங்க வீட்டுக்காரருக்கு" என்றது குரல்.

அப்தோனின் பட்டறை மேஜையில் சனிக்கிழமை தோறும் இந்தப் பொட்டலம் இருக்கும். எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்டதே இல்லை. பசை காயும்வரை ஒவ்வொரு துண்டாக மென்றுகொண்டிருப்பார். இப்போது அதைக் கோட்டுப் பையில் வைத்தார்.

அடுத்த தெருவில் திரும்பியதும் எஃப்ரெயின் நடையை எட்டிப் போட்டான். நேரே லா ரோந்தாவுக்குப் போய்விடலாம், அங்கே பார்க்க நிறைய இருக்கிறது என்றான். அப்தோனுக்குச் சந்தேகம் வந்தது. அது அவர் பட்டறை இருக்கும் தெரு. மாடியில் நீல ஜன்னல். உடைந்த புனிதர் சிலைகளுக்கு விரலும் மூக்கும் ஒட்டி, கண் எழுதிக் கொடுப்பது அவர் தொழில். டிசம்பர் நெருங்கினால் ஊரில் உள்ள குழந்தை இயேசு பொம்மைகளெல்லாம் விரலை உடைத்துக்கொண்டு அங்கே வந்து வரிசையாகப் படுத்துவிடும்.

"இங்க அவ நிப்பாளா மாட்டாளா?"

"இன்னிக்கு வேண்டாம், மாஸ்டர்."

"ஒண்ணையும் விடாதன்னு சொன்னேன்ல?"

எஃப்ரெயின் நின்றான். நீல ஜன்னலைக் காட்டினான்.

"இங்க ஒரு பந்தயம் உண்டுங்க. அந்த ஜன்னல்ல ஒருத்தர் குனிஞ்சு வேலை செஞ்சுட்டு இருப்பார். அவர் தலையை நிமிர்த்தி நம்மளப் பாத்துட்டா உங்க எல்லாருக்கும் என் கைக்காசுல ஐஸ்கிரீம்னு அக்கா சொல்வாங்க. சொல்லிட்டுக் குடையால மூணு தட்டு தட்டுவாங்க. எல்லாரும் மேல பாத்துட்டு நிப்போம்."

"எத்தனை தடவை தோத்தாங்க?" என்றாள் குவாயாகில் அம்மாள்.

"ஒரு தடவைகூட இல்ல."

"பாவம், அவருக்குக் காது கேக்காதா?"

எஃப்ரெயின் அப்தோனைப் பார்க்கவில்லை. "நல்லாக் கேக்கும்" என்றான்.

நன்றாகத்தான் கேட்கும். சனிக்கிழமை பதினொன்றரைக்கு டொக், டொக், டொக். சிதறி நிற்கும் ஆட்களைச் சேர்க்கத் தட்டுகிறாள் என்றே நினைத்திருந்தார். ஒரு டிசம்பரில் தூரிகை நழுவி ஒரு குழந்தை இயேசுவின் கண் கோணிவிட்டது. அன்று வீட்டுக்கு வந்து கத்தினார். என் ஜன்னலுக்குக் கீழே தட்டாதே, கை நடுங்குகிறது என்றார். அவள் அடுத்த வாரத்திலிருந்து மெதுவாகத் தட்டினாள். மெதுவாக, ஆனால் மூன்று தட்டு. அவர் ஜன்னலைச் சாத்த ஆரம்பித்தார்.

ஜெயிக்க நினைக்கிறவள் எதற்காகத் தட்ட வேண்டும்? தோற்பதற்காகவே பந்தயம் கட்டிக்கொண்டு ஒருத்தி இருபத்திரண்டு வருஷம் தெருவில் நின்றிருக்கிறாள். அவர் பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தார்.

பையில் சாவி இருந்தது. குடையை எஃப்ரெயினிடம் கொடுத்தார். "தட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடியேறினார்.

பட்டறையில் பசை வாடை. விரலில்லாத பிள்ளைகள் மேஜையில் மல்லாந்து கிடந்தன. அவர் வழக்கமான நாற்காலியில், வழக்கம்போலக் குனிந்து உட்கார்ந்தார். ஜன்னலைத் திறந்தே வைத்தார். கீழே டொக், டொக், டொக்.

தலையை நிமிர்த்தினார்.

தெருவில் ஒன்பது முகங்கள் அண்ணாந்து நின்றன. மஞ்சள் குடை விரிந்தது. இங்கிருந்து பார்த்தால் அது இவ்வளவு பக்கத்தில் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. குடையைப் பிடித்திருந்தவனின் தொப்பைகூட விரிப்பில் மறைந்திருந்தது. அடியில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். குவாயாகில் அம்மாள் கைதட்டினாள். "பாத்துட்டார்! ஐஸ்கிரீம்!" மற்றவர்களும் தட்டினார்கள். பிறகு அந்தக் கறுப்புக் கோட்டை அவர்களுக்கு அடையாளம் தெரிந்தது. கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது.

அப்தோன் கையை உயர்த்திக் குடையைப் பார்த்து ஆட்டினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது மணி பன்னிரண்டரை. கதவு திறந்தே இருந்தது. கூடம் நிறைந்திருந்தது. ஒரு கையில் குடை, மறு கையில் காகிதக் கிண்ணம் நிறைய ஊதா நிற மோராப் பழ ஐஸ்கிரீம். மாருஹா எதிரே வந்து நின்றாள்.

"இது என்ன கூத்து?"

"லஸ்தேனியா பந்தயத்துல தோத்துட்டா, அக்கா" என்றார்.

கிண்ணத்தைப் பெட்டியின் தலைமாட்டில், மெழுகுவர்த்திகளுக்கு நடுவே வைத்தார். அதன் பக்கத்தில் மடத்துப் பொட்டலம். சூட்டில் ஐஸ்கிரீம் உருகி விளிம்பில் வழிந்தது. துடைக்கத் துணி எடுத்த மாருஹா அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் துணியை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

அப்தோன் நாற்காலியைப் பெட்டிக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குடையின் முனையால் தரையில் மெதுவாக மூன்று தட்டு தட்டினார். பிறகு தலை குனியாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.