கட்டிலோரத்து அடுப்பு

முனியப்பனுக்கு இனிப்பு கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பார்வதம்மாவுக்குப் பலகாரம் செய்யும் ஆசை வந்தது.

அதற்கு முன் அந்த வீட்டில் பலகாரம் என்றால் அது முனியப்பனுடையது. தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில், அங்கே சம்பளம் வாங்கிய அன்று பங்காருபேட்டைக்குப் போய் மைசூர்பாகும் ஜாங்கிரியும் வாங்கி வருவான். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் இருந்த வீட்டின் முன்னறைக் கட்டிலில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்து, மனைவியும் மகனும் பார்த்துக்கொண்டிருக்க ஒவ்வொன்றாகத் தின்பான். மிச்சத்தை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டுவான்.

“கேஜ்ல ஏறி சொரங்கத்துக்குள்ள எறங்கி உசுரக் குடுக்கறது நானு. நீங்க இன்னாத்த கிழிச்சீங்க?” என்பான்.

தீபாவளிக்கு அவள் சுடும் அதிரசமும், சோமாசி மாதிரியான கர்ஜிக்காயும்கூட டின்னோடு அவன் கட்டிலுக்கடியில் போய்விடும்.

மகன் பிரதாப்புக்கு ஒன்பது வயதிருக்கும்போது அந்த டின்னிலிருந்து ஒரு கர்ஜிக்காயை எடுத்துத் தின்றுவிட்டான். வாயோரம் ஒட்டியிருந்த கொப்பரைத் துருவல் காட்டிக்கொடுத்தது. முனியப்பன் சத்தம் போடவில்லை. பையனை அடுப்படிக்கு இழுத்துப் போய், காய்ந்துகொண்டிருந்த தோசைக்கல்லில் அவன் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். பார்வதம்மா மாவுக் கரண்டியோடு பக்கத்தில்தான் நின்றாள். வாயைத் திறந்தால் தனக்கும் விழும் என்று அவளுக்குத் தெரியும். திறக்கவில்லை.

மீசை முளைத்ததும் பிரதாப் பெங்களூருக்குப் போய்விட்டான். ஒரு ரயில் தூரம்தான். விடியற்காலையில் ஊரில் பாதிப் பேர் வேலைக்குப் போய் இருட்டியதும் திரும்பி வருகிற தூரம். அவன் மட்டும் திரும்பவில்லை.

சுரங்கத்தை மூடினார்கள். அப்போதும் முனியப்பனின் கை ஓங்குவது நிற்கவில்லை. அதை நிறுத்தியது சர்க்கரை வியாதி. இடது கால் விரல்கள் கறுத்து, ஆஸ்பத்திரியில் பாதத்தோடு எடுத்தார்கள். பார்வை மங்கியது. ஒரு காலத்தில் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு நின்றவன், இப்போது மூத்திரம் போகவும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே பார்வதம்மா அடுப்பை முன்னறைக்கு மாற்றினாள். கட்டிலுக்குக் கையெட்டும் தூரத்தில் வைத்தாள்.

“உள்ள காத்தே வர்ல ஈவ்லினு. இங்கன்னா அவரையும் பாத்துக்கலாம்” என்றாள். பக்கத்து வீட்டு ஈவ்லின் அதற்கே கண் கலங்கினாள்.

முதல் நாள் ஒப்பிட்டு என்கிற போளி. கடலைப்பருப்பையும் வெல்லத்தையும் ஏலக்காய் தட்டிப்போட்டு அரைத்து, மாவுக்குள் வைத்துத் தட்டி, கல்லில் போட்டு நெய் விட்டாள். நெய் சீறியதும் முனியப்பன் தலையைத் தூக்கினான்.

“இன்னாது பாரு, ஒப்பிட்டா?”

“ஆமாங்க.”

“ஒண்ணு குடு.”

“டாக்டர் கூடாதுன்ட்டாரே.”

“பாதியாச்சும் குடுடி.”

“உங்க நல்லதுக்குத்தாங்க சொல்றேன்” என்று சொல்லிவிட்டு, ஒன்றை எடுத்து அவன் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தின்றாள். அவளுக்கு இனிப்பு பிடிக்கவே பிடிக்காது. தொண்டையில் அடைத்தது. ஆனாலும் விரலைச் சப்பிச் சத்தம் எழுப்பினாள். அன்றிரவு கல்யாணமான நாளிலிருந்து தூங்காத தூக்கமெல்லாம் சேர்த்துத் தூங்கினாள்.

அதன் பிறகு வாரம் தவறாமல் ஏதாவது ஒன்று. ரவா உருண்டை, கர்ஜிக்காய், எள்ளடை. செய்ததையெல்லாம் லைனில் இருந்த வீடுகளுக்குக் கொடுத்தாள். எல்லோரும் வாசலில் நின்று ருசி சொல்லும்படி பார்த்துக்கொண்டாள். முனியப்பன் உள்ளிருந்து “எனக்கு மட்டும் தர மாட்றா பாருங்க” என்று அழுவான். வந்தவர்கள் அவனைத்தான் கடிந்துகொண்டார்கள்.

“அண்ணே, இந்த மாதிரி கண்டிப்பா பாத்துக்கற பொம்பள யாருக்குக் கெடைப்பா? குழந்த மாதிரி பார்வதக்கா உங்கள வச்சிகீறாங்க” என்று ஈவ்லின் சொல்லும்போது பார்வதம்மா தலையைக் குனிந்துகொள்வாள்.

ஒருநாள் சிமிலி செய்தாள். கேழ்வரகு அடையைப் பிய்த்து, வறுத்த வேர்க்கடலையும் வெல்லமும் சேர்த்து இடித்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே தட்டோடு கொண்டுபோய் அவன் மடியில் வைத்தாள்.

“கை சும்மாதான கீது. உருண்ட புடிங்க.”

அவன் பிடித்தான். கை முழுக்க வெல்லப் பிசுக்கு. கன்னம் துடித்தது. அவள் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு உருண்டையாக வாங்கி அடுக்கினாள். கடைசி உருண்டைக்குப் பிறகு அவன் கட்டைவிரலை மெதுவாக வாய்க்குக் கொண்டுபோனபோது, கரண்டிக் காம்பால் மணிக்கட்டில் ஓங்கி ஒரு போடு போட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவனை அடித்தாள். அவன் திருப்பி அடிக்கவில்லை. கையைக் குறுக்கிக்கொண்டு, “சரி, சரி” என்றான். அவன் விரல்களை ஒவ்வொன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டாள்.

இன்சுலின் ஊசி போடக் கற்றுக்கொடுத்தவள், வீட்டுக்கு வந்து போகும் நர்ஸ் மாலா. கிளம்பும்போது ஒவ்வொரு முறையும் ஒரே பாடம்தான் சொல்வாள்: “ஆன்ட்டி, ஊசி போட்டா சோறு குடுத்துடணும், லேட் பண்ணாதீங்க. வேர்த்து ஊத்தி கை நடுங்குச்சின்னா சர்க்கர எறங்கிடுச்சின்னு அர்த்தம். அப்ப மட்டும் உடனே இனிப்பு குடுங்க. அந்த நேரத்துல அதுதான் மருந்து.”

தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம் ஊசி போட்டுவிட்டு, களியும் கீரைக் குழம்பும் வைத்தாள். அடுப்பில் அதிரசத்துக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. முனியப்பன் தட்டைத் தள்ளினான்.

“களி வாணாம். அதிரசம் குடுத்தா துன்றேன். இல்லன்னா பட்டினி கெடந்து சாவறேன்.”

“உங்க இஷ்டம்” என்று அவள் தட்டை எடுத்துப்போய்விட்டாள்.

மூன்று நாள் முன்பே பிசைந்து புளிக்கவைத்த பாகுமாவு நன்றாகப் பதம் வந்திருந்தது. இலையில் தட்டிப் போட்டு, எடுத்து, இரண்டு கரண்டிகளுக்கிடையில் வைத்து எண்ணெயைப் பிழிந்து தட்டில் அடுக்கிக்கொண்டே வந்தாள். கட்டிலில் முனகல் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். அவன் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கை, முறம் புடைப்பதுபோல் ஆடியது.

“பாரு... மயக்கமா வருது... ஒண்ணு குடு...”

அது என்னவென்று அவளுக்குத் தெரிந்தது. மாலாவின் குரல்கூடக் காதில் கேட்டது. தீயைக் குறைத்துவிட்டு, சூடான அதிரசம் ஒன்றை எடுத்துக்கொண்டு கட்டிலில் போய் உட்கார்ந்தாள். அவன் வாய் அதை நோக்கி நீண்டது. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“புள்ளைக்கு எந்தக் கைய சுட்ட?”

கட்டிய நாளிலிருந்து அவனை ‘நீ’ என்று சொன்னதில்லை. சொன்னபோது நாக்கு கூசவில்லை.

“இன்னா...”

“பிரதாப்புக்கு. எந்தக் கை? சொல்லு, தரேன்.”

அவன் கண்கள் அலைந்தன. “எடது” என்றான்.

“இல்ல.”

“வலது... வலது.”

“இப்ப ரெண்டு கையையும் சொல்ற. உனக்கு நெனப்பே இல்ல. நல்லா யோசி.”

அவன் யோசித்தானோ என்னவோ. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் காத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்கே தெரியாது. கையிலிருந்த அதிரசம் ஆறிப்போனது. திடீரென்று அவன் கழுத்து பின்னால் சாய்ந்து, கைகால் வெட்டி இழுத்தபோதுதான் அவள் துள்ளி எழுந்தாள். அதிரசத்தைப் பிய்த்து வாயில் திணித்தாள். பல் கிட்டிக்கொண்டது. சர்க்கரையைக் கரைத்து ஊற்றினாள். கடைவாய் வழியாக வழிந்து தலையணையை நனைத்தது.

“ஈவ்லினு!” என்று கத்தினாள்.

ஆட்டோ வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், “எவ்வளவு நேரமா இப்படி இருந்தாரு?” என்று கேட்டார். பார்வதம்மா வாயைத் திறப்பதற்குள் ஈவ்லின் முந்திக்கொண்டாள்: “பாத்த ஒடனே கத்திட்டாங்க சார். அவர வுட்டு ஒரு நிமிஷம் நகர மாட்டாங்க.”

அவன் சாகவில்லை. மூளைக்குச் சர்க்கரை போகாமல் ரொம்ப நேரம் கிடந்ததால் பழைய நினைவு திரும்பாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த முனியப்பன் வேறு ஆளாக இருந்தான். கோபமில்லை, கேட்பதில்லை. கொடுத்ததைத் தின்றான். அவளை ‘அக்கா’ என்று கூப்பிட்டான். ஒருநாள் அவள் சோதித்துப் பார்க்கக் கட்டிலோரத்தில் ஒப்பிட்டு சுட்டாள். நெய் சீறியது. அவன் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஈவ்லின் எப்படியோ நம்பரைத் தேடிப் பிடித்துப் பிரதாப்புக்கு போன் செய்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். தலை நரைத்திருந்தது. வாசலிலேயே நின்றவனை முனியப்பன் கையாட்டி அழைத்து, கையைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்தான்.

“சாப்டியா ராஜா? இளைச்சிகீற” என்று அவன் முதுகைத் தடவினான்.

பிரதாப் அந்தக் கட்டிலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, நாற்பது வயது ஆண் அழக்கூடாத அளவுக்கு அழுதான்.

பார்வதம்மாவுக்கு அது தாங்கவில்லை. அவனைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். ஒப்பிட்டை, சிமிலியை, கரண்டிக் காம்பை, கடைசியில் அந்த மத்தியானத்தை. சொல்லச் சொல்ல அவள் முகம் மலர்ந்தது.

“சும்மா வுடல பிரதாப்பு. உனக்காகத்தான் செஞ்சேன்.”



“அன்னிக்கி நீ பக்கத்துலதானம்மா நின்ன” என்றான். “அவராச்சும் கைய ஒரு தடவ அழுத்திட்டு வுட்டுட்டாரு. நான் உன்னப் பாத்துகினே இருந்தேன். கத்துவ, கத்துவன்னு பாத்தேன். அன்னிக்கி கத்தியிருந்தா அது எனக்காக. இது எனக்கில்ல.”

அவன் எழுந்து அப்பாவிடம் போய்விட்டான்.

இப்போது அவன் ஞாயிறுதோறும் வருகிறான். அப்பாவுக்குச் சவரம் செய்கிறான், குளிப்பாட்டுகிறான், பக்கத்தில் படுத்துக்கொண்டு ஏதேதோ கதை பேசுகிறான். பார்வதம்மா ஒரு தட்டில் எதையாவது வைத்து நீட்டினால், “நான் இனிப்பு துன்றதில்லம்மா” என்பான். “எப்பலேந்து?” என்று அவள் ஒருமுறை கேட்டாள். அவன் பேச்சை மாற்றினான். தண்ணீர் மட்டும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, சாயங்கால ரயிலுக்குக் கிளம்புவான்.

அவன் போனதும் முனியப்பன் வாசலையே பார்த்துக்கொண்டு கிடப்பான். அவள் களியைப் பிசைந்து ஊட்டுவாள். அவன் ஒவ்வொரு வாய்க்கும் சிரிப்பான்.

“நல்லாகீதுக்கா” என்பான். “இன்னும் கொஞ்சம் குடு.”

அவள் கொடுப்பாள்.