மூன்றாவது பூட்டு

ஒரு மதகுக்கு மூன்று பூட்டு மாட்டிய புண்ணியவானை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? போன வருஷம் மேல்கரைக்காரர்களும் கீழ்கரைக்காரர்களும் வாய்க்கால் தண்ணீருக்காக ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொண்டபோது, பாசன அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து இறங்கினார். மேல்கரைக்கு ஒரு பூட்டு, கீழ்கரைக்கு ஒரு பூட்டு, இரண்டு சாவியும் சேர்ந்து வந்தால்தான் மதகு திறக்கும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். தட்டி ஓய்வதற்குள் தன் பங்குக்கும் ஒரு பூட்டை மாட்டி, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ஊரை நம்பாதவரை ஊர் நம்பியது, என்னத்தைச் சொல்ல!

கீழ்கரைச் சாவி பட்டாசிடம் வந்தது. வாயைத் திறந்தால் வெடிப்பவள் என்பதால் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்ட பெயர். மேல்கரைச் சாவி அவளுடைய சொந்த அண்ணனிடம் போனது. அவள் வாய்க்காலைத் தாண்டிக் கீழ்கரைக்கு வாழ்க்கைப்பட்டவள். கூடப்பிறந்தவர்களிடம் கொடுத்தால் தகராறு வராது என்று அந்த அதிகாரி நினைத்தார் போலிருக்கிறது. மண்டை உடைந்த அன்று அண்ணன் வீசிய கல் தன் புருஷன் தோளில் பட்டதிலிருந்து பட்டாசு அவன் முகத்தில் விழிப்பதில்லை.

இந்த வருஷம் மதகு திறக்கவே இல்லை. கீழே பட்டாசின் மக்காச்சோளம் கதிரில் நூல் விடும் நேரம். இப்போது தண்ணீர் காட்டாவிட்டால் கதிரில் மணி பிடிக்காது. தூர தேசத்தில் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்திருந்த அவள் புருஷன் ஒரே வார்த்தைதான் சொல்லியிருந்தான். "விளைஞ்சா இங்கயே இருக்கேன். இல்லன்னா மறுபடியும் ஏஜெண்டுக்குப் போன் போட வேண்டியதுதான்." அந்த மனுஷனோடு ஒரு வீட்டில் ஒழுங்காகக் குடித்தனம் செய்ததே இந்த ஒரு வருஷம்தான். அதையும் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அங்கே வேறு கூத்து. மதகு அடைத்துக் கிடந்ததால் தண்ணீர் எதிர்த்துப் போய் அவன் வயலில் முழங்கால் மட்டும் நின்றது. பயிர் வேர் அழுகி நாறியது.

"நானே உன்னைப் பார்க்க வரலாம்னுதான் இருந்தேன்" என்றான் அண்ணன்.

"புளுகாதண்ணே. கிளம்பு."

இரண்டு பேரும் மதகுக்குப் போனார்கள். வெயிலில் சுற்றுவட்டாரத்தில் ஈ காக்கை இல்லை. அவள் பூட்டைத் திறந்தாள், அவன் பூட்டைத் திறந்தான். மூன்றாவது பூட்டு துருவேறித் தொங்கியது. அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு அண்ணன், "ஆபீசுக்குப் போவோம்" என்றான்.

பழைய அதிகாரி மாற்றலாகிச் சாவியோடு வேறு ஊருக்குப் போயிருந்தார். புதியவர் மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"பூட்டை உடைக்கணும்னா கமிட்டி தீர்மானம் போடணும்மா."

"கமிட்டியைக் கூட்டுங்க சார்!"

"அது தகராறு தீர்க்குற கமிட்டி. தகராறு இருந்தாத்தான் கூடும். நீங்கதான் ஒண்ணாச் சேர்ந்து வந்திருக்கீங்களே. ரொம்ப சந்தோஷம்."

பட்டாசுக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. சட்டென்று அண்ணன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினாள். "இந்தாங்க சார் தகராறு! போதுமா? இன்னும் ரெண்டு அறை விடட்டுமா?"

அண்ணனும் விவரமானவன்தான். "ஐயோ, கொல்றாளே!" என்று கூவினான்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது குடும்பச் சண்டைம்மா. தண்ணிச் சண்டைல வராது."

அதற்குப் பிறகு ஏறாத படியில்லை, பிடிக்காத கால் இல்லை. மேலதிகாரி கூட்டத்தில் இருந்தார், அவருக்கு மேலே இருந்தவர் சுற்றுப்பயணத்தில் இருந்தார். "நாளைக்கு வாங்க" என்று சொல்வதற்கென்றே அரசாங்கம் ஆள் எடுக்கிறதோ என்று அவளுக்குத் தோன்றியது. இதற்குள் கதிர் நூல் கருகி உதிர்ந்தது. ஒரு காலையில் புருஷன் ஒரு கதிரை உரித்துப் பார்த்தான். உள்ளே வெறும் சக்கை. அவன் திட்டவில்லை, கத்தவில்லை. தட்டையை அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டு ஏஜெண்டுக்குப் போன் போட்டான். திட்டியிருந்தாலாவது அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள்.

அவனை அனுப்பி வைக்க அண்ணனும் பஸ் நிலையத்துக்கு வந்திருந்தான். பஸ் புறப்பட்ட பிறகும் இரண்டு பேரும் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அன்னிக்கு மதகுல நாம ரெண்டு பேர்தான் இருந்தோம்" என்றான் அண்ணன். "துருப்பிடிச்ச பூட்டு. ஒரு கல்லை எடுத்து நாலு போடு போட்டிருந்தா விழுந்திருக்கும்."

"தெரியும்."

"உனக்கும் தோணுச்சா?"

"கல்லு என் காலடியிலதான் கிடந்துச்சுண்ணே."

"அப்புறம் ஏன் எடுக்கல?"

"நீ ஏன் எடுக்கல?"

அண்ணன் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தான். "நான் உடைச்சா, நாளைக்குப் போலீஸ் வந்து நிக்கும்போது, மேல்கரைக்காரன்தான் உடைச்சான்னு நீ கையைக் காட்டிடுவியோன்னு பயந்தேன்."

பட்டாசுக்கு வாயில் வார்த்தை வரவில்லை. பிறந்ததிலிருந்து அது அவளுக்கு நடந்ததே இல்லை. சாலையில் பஸ் கிளப்பிய புழுதி அடங்கிக்கொண்டிருந்தது. அவள் அண்ணனைப் பார்க்காமலே சொன்னாள்.

"நானும் அதையேதாண்ணே நினைச்சேன்."