இரண்டாவது தட்டு

ஓடிவிட்டு வந்தால் அவர் நேராக வீட்டுக்குள் போய்விட முடியாது. வாசற்கதவுக்கு உட்புறம் ஒரு முக்காலி கிடக்கும். அதில் உட்கார வேண்டும். மகள் வருவாள். பன்னிரண்டு வயது. அவர் முகத்தைப் பார்க்க மாட்டாள், காலைத்தான் பார்ப்பாள். தரையில் சம்மணமிட்டு முதலில் இடது ஷூவின் முடிச்சை அவிழ்ப்பாள், பிறகு வலது. நாடாவை ஒவ்வொரு துளையாகத் தளர்த்துவாள். அவசரம் என்பதே கிடையாது. இரண்டையும் கழற்றிச் செருப்பு அலமாரியின் இரண்டாவது தட்டில், முனை சுவரைத் தொடும்படி வைப்பாள். விரலால் ஒருமுறை தள்ளிப் பார்ப்பாள்.

"முடிஞ்சுது" என்பாள்.

ஒரு நாளில் அவள் அவரிடம் பேசுகிற பேச்சு அந்த ஒரு சொல்தான். அவரும் "ம்" என்பார். அப்பாவும் மகளும் பேசி முடித்தாயிற்று.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு நாள், ஷூ தட்டில் ஏறிய பிறகு பால் வாங்க மறந்தது ஞாபகம் வந்து, அதையே எடுத்து மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய் வந்தார். ஐந்து நிமிடம்கூட இருக்காது. திரும்பி வந்தபோது மகள் அலமாரிக்கு முன்னால் நெற்றியைத் தரையில் இடித்துக்கொண்டிருந்தாள். அழுகை ஓய இரண்டு மணி நேரம் ஆனது. அந்தச் சொல் திரும்பி வர ஒன்பது நாள் ஆனது. ஒன்பது நாளும் ஷூவைக் கழற்றினாள், வைத்தாள், எழுந்து போனாள். அவர் முக்காலியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருப்பார். அதற்குப் பிறகு, அவள் வைத்த ஷூவை அவளே எடுத்துக் கொடுக்காமல் அந்த வீட்டில் யாரும் தொடுவதில்லை.

வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் அவருக்குக் கட்டர் என்று பெயர். வெட்டுகிற வேலை என்பதால் வந்தது. கண்ணாடி மேல் கட்டர் சக்கரத்தை வைத்தால் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். நடுவில் நிறுத்தவும் கூடாது, போட்ட கோட்டின் மேல் மறுபடி ஓட்டவும் கூடாது. அப்படிச் செய்தால் கண்ணாடி தன் இஷ்டத்துக்குத்தான் உடையும். இருபது வருடமாக அவர் கோடு நடுவில் நின்றதில்லை. வேலை செய்யும்போது பேசவும் மாட்டார், வேலை இல்லாதபோதும் பேச மாட்டார். வீடுகளுக்குப் போய் அளவெடுத்து வருகிறவருக்கு டேப்பு என்று பெயர்; அவர் இவரைக் கல்லுளிமங்கன் என்றே சொல்வார். டேப்புக்கு வாய் ஓயாது. இடுப்பில் அளவு டேப் இல்லாமல் அவரையும் யாரும் பார்த்ததில்லை.

ஓட்டம் தொடங்கியது ஒரு முடிவெட்டும் கடையில். மெஷின் சத்தம் கேட்டு மகள் காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். முறைக்காகக் காத்திருந்த ஒருவர், "புள்ளைய வளர்க்கத் தெரியாதவங்க எல்லாம்..." என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார். அவளுக்கு ஆட்டிசம், அந்தச் சத்தம் அவளுக்கு வலிக்கும் என்று திருப்பிச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. அன்று மாலை குடியிருப்பைச் சுற்றி ஓடினார். மறுநாளும் ஓடினார். ஏன் என்று கேட்டிருந்தால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

மகள் போகும் பயிற்சி மையத்தின் டீச்சர்தான் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தார். முடிவெட்டும் கடைகள், பஸ் நிலையங்கள், மருத்துவமனை வரவேற்பறைகள் என்று போய், இந்தப் பிள்ளைகள் வந்தால் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லித்தர மையம் ஆசைப்பட்டது. கையில் காசில்லை. "எப்படியும் ஓடத்தான் போறீங்க. அதை எங்களுக்காக ஓடிடுங்களேன்" என்றார் டீச்சர்.

அப்படி இரண்டு மாரத்தான் ஓடி முடித்திருந்தார். கடை கவுண்டரில் மையத்துக்காக ஓர் உண்டியல் இருந்தது. ஓடி முடித்தவர்களின் பட்டியலை முதலாளி அதன் பக்கத்தில் ஒட்டுவார். அவருக்குக் காகிதத்தில் இருந்தால்தான் எதுவும் நிஜம்.

இந்த வருடம் முதலாளி ஒரு படி மேலே போனார்.

"உண்டியல்ல விழறது விழட்டும். ஆறு மாச வகுப்புக்கு ஆகற செலவு மொத்தமும் என்னோடது. ஆனா முழுசா ஓடணும். லிஸ்ட்டுல உன் பேருக்கு நேரா முடிச்ச நேரம் இருக்கணும். நாளைக்கு எவனும் என்னைக் கேள்வி கேட்டுடக் கூடாது."

"அது சரி முதலாளி. ஓடினீங்களான்னு கேட்டா கட்டரண்ணன் வாயத் திறந்து சொல்லவா போறாரு? லிஸ்ட்டுதான் பேசணும்" என்றார் டேப்பு.

கட்டர் தலையை மட்டும் ஆட்டினார். டீச்சரிடம் சொன்னபோது அவர் அன்றைக்கே பதினெட்டுக் கடைகளின் பெயரை எழுதிவிட்டார். முதல் பெயர் அந்த முடிவெட்டும் கடை.

இந்த முறை மகள் தன்னைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. முடிவுக்கோட்டுக்கு அழைத்து வர முடியாது. அங்கே ஒலிபெருக்கியும் ஊதலும் கூட்டமும். மனைவியும் அவரும் ஒரு மாதமாக யோசித்து இடம் கண்டுபிடித்தார்கள். நாற்பதாவது கிலோமீட்டரைத் தாண்டியதும் ஒரு மரச்சாமான் கடை. ஞாயிற்றுக்கிழமை திறக்காது. முன்னால் அகலமான படிகள், மேலே நிழல். வீடு அங்கிருந்து பத்து நிமிட நடை. காதுக்கு மூடி, நீல மெத்தை, தண்ணீர், அவளுக்குப் பிடித்த பிஸ்கட் என்று எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. பக்கத்துப் பெட்ரோல் பங்கில் கழிவறை இருக்கிறதா என்றுகூட மனைவி போய்ப் பார்த்து வந்தாள்.

"நீங்க பாட்டுக்கு ஓடிகிட்டே கையக் காட்டுங்க. நின்னுடாதீங்க" என்றாள்.

"ம்."

ஓட்டத்தன்று ஷூவின் இடது நாடாவில் சிப்பைக் கட்டிக்கொண்டார். நகத்தளவு சில்லு, பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டுவது. வழியில் விரித்திருக்கும் பாய்களை அது கடக்கும்போதெல்லாம் ஒரு சத்தம் வரும், நேரம் பதிவாகும். ஆறு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

முப்பது கிலோமீட்டர் வரை கால் சொன்னபடி கேட்டது. அதற்குப் பிறகு அவர்தான் கால் சொன்னதைக் கேட்டார். நாற்பதாவது கிலோமீட்டர்ப் பாயில் சத்தம் வந்தபோது ஓடத் தொடங்கி ஐந்து மணி இருபது நிமிடம் ஆகியிருந்தது. வளைவைத் திரும்பினார். மரச்சாமான் கடைப் படியில் நீல மெத்தை. அதன் மேல் மகள். மனைவி கையைக் காட்டினாள்.

அவரும் கையைத் தூக்கினார். மகள் எழுந்தாள். சாலைக்கு வந்து அவர் முன்னால் நின்றாள். அவர் நின்றுவிட்டார். அவள் அவர் காலைப் பார்த்தாள். பிறகு தார்ச்சாலையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மனைவிக்கும் அதே நொடியில் உறைத்திருக்க வேண்டும், வாயைப் பொத்திக்கொண்டாள். கழிவறை வரை யோசித்தவர்கள் இதை யோசிக்கவில்லை. ஷூ கழற்றுவது வீட்டு வழக்கம் என்று இருவரும் நினைத்திருந்தார்கள். அவளுக்கு அது வீட்டைச் சேர்ந்தது அல்ல. ஓடிவிட்டு அப்பா எங்கே அவளிடம் வந்து சேர்கிறாரோ, ஓட்டம் அங்கே முடிகிறது.

"பாப்பா, அப்பா இன்னும் கொஞ்சம் ஓடணும்டா" என்றாள் மனைவி, மெல்ல.

இடது முடிச்சு அவிழ்ந்தது. பின்னால் வந்தவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். ஒருவர், "சுளுக்கா சார்?" என்று கேட்டபடியே போனார். நாடா ஒவ்வொரு துளையாகத் தளர்ந்தது. காலை இழுத்துக்கொள்ளலாம். இரண்டு கிலோமீட்டர்தான் மிச்சம். பதினெட்டுக் கடைகளின் பெயரும் அவருக்கு ஞாபகம் வந்தது. மகளின் விரல்களைப் பார்த்தார். காலை அசைக்கவில்லை.

இரண்டு ஷூவும் கழன்றன. அவள் தட்டைத் தேடினாள். இல்லை. படிகளை எண்ணுவதுபோலப் பார்த்து, இரண்டாவது படியில், முனை சுவரைத் தொடும்படி வைத்தாள். விரலால் தள்ளிப் பார்த்தாள்.

"முடிஞ்சுது."

"ம்" என்றார் அவர்.

சிப் அந்த இடது ஷூவில்தான் இருந்தது. அதை அறுத்தெடுக்கவும் ஷூவைத் தொட வேண்டும். மனைவி அவரைப் பார்த்தாள், ஷூவைப் பார்த்தாள்.

"வீட்டுல சாக்ஸோட நடப்பீங்கல்ல? அந்த மாதிரி நடந்து போங்க. அவ ஒண்ணும் சொல்ல மாட்டா."

"சிப்பு..."

"தெரியுது. போய்ட்டு வாங்க."

மகள் மெத்தையில் உட்கார்ந்து பிஸ்கட்டைக் கையில் எடுத்திருந்தாள். அவர் நடந்தார். அடுத்த வளைவில் அவள் கண்ணுக்கு மறைந்ததும் ஓடினார். சாக்ஸ் கிழிந்து, சாலையின் ஒவ்வொரு கல்லும் உள்ளங்காலுக்கு அறிமுகமானது. ஆறு மணி நேரத்துக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது முடிவுக்கோட்டுப் பாயைக் கடந்தார். பாய் ஒரு சத்தமும் எழுப்பவில்லை.

சட்டையில் அட்டை மாட்டியிருந்த ஒரு பெண் ஓடி வந்தாள். "சார், உங்க சிப் எங்க?"

"வீட்டுக்குப் போயிருக்கும்."

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரு படிவத்தைக் கொடுத்தாள். "சிப் இல்லாம நேரம் ஏறாது சார். என்ன ஆச்சுன்னு விவரமா எழுதிக் குடுங்க, பார்ப்பாங்க." காரணம் என்ற இடத்தில் நான்கு கோடுகள் இருந்தன. பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். எங்கிருந்து தொடங்குவது? முக்காலியிலிருந்தா, பாலிலிருந்தா? கடைசியில் 'ஷூ கழன்றுவிட்டது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

வீட்டில் ஷூ இரண்டாவது தட்டில் இருந்தது. மகளே மார்போடு அணைத்து நடந்து வந்து வைத்தாளாம்.

திங்கட்கிழமை காலை முதலாளி பட்டியலை அச்செடுத்துக் கொண்டுவந்தார். கட்டரின் பெயருக்கு நேராக நாற்பது கிலோமீட்டர் வரை நேரம் இருந்தது. அதற்கடுத்த கட்டத்தில் 'முடிக்கவில்லை'.

முதலாளி திட்டவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது. "சரி விடு. உடம்பு இருக்கறபடிதானே ஓட முடியும்" என்று பட்டியலை மேசை இழுப்பறையில் வைத்தார், ஒட்டவில்லை.

"நாப்பது கிலோமீட்டர் ஓடினவரு கடைசி ரெண்டுலயா உக்காந்துட்டாரு? என்கிட்ட சொல்லியிருந்தா இந்த டேப்பாலயே கட்டி இழுத்துட்டுப் போயிருப்பேனே அண்ணே" என்றார் டேப்பு.

கட்டர் தன் வெட்டு மேசைக்குப் போனார். ஒரு குளியலறைக் கண்ணாடி. அளவுகோலை வைத்து, சக்கரத்தை விளிம்பில் அழுத்தி இழுத்தார். நடுவில் கை நின்றது. எதற்கு நின்றது என்று தெரியவில்லை. அதே கோட்டின் மேல் மறுபடி ஓட்டினார். தட்டியதும் கண்ணாடி குறுக்கே பிளந்தது.

கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி எழுந்து வந்தார்.

"என்னய்யா ஆச்சு உனக்கு?"

கட்டர் கையுறையைக் கழற்றி மேசை மேல் வைத்தார். உடைந்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலாளி அவசரப்படுத்தவில்லை.

"எங்க வீட்டுல வாசல் பக்கத்துல ஒரு முக்காலி இருக்கு" என்றார் கட்டர்.

பிறகு சொன்னார். நின்று நின்று, ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் தெருவில் இரண்டு வண்டிகள் போகிற இடைவெளி விட்டு, எல்லாவற்றையும் சொன்னார். முடிவெட்டும் கடை, அந்த ஆள் பாதியில் விட்ட பேச்சு, ஒன்பது நாள், தார்ச்சாலையில் மகளின் விரல்கள். அதே கடையில் இருபது வருடம் வேலை பார்த்தவர் தன் வீட்டைப் பற்றி அவ்வளவு பேசியது அன்றுதான்.

"அப்ப கடைசி ரெண்டு கிலோமீட்டர் வெறும் சாக்ஸா?" என்றார் டேப்பு.

"ம்."

"காலைக் காட்டுங்கண்ணே."

காட்டினார். டேப்பு பார்த்துவிட்டு எங்கோ திரும்பிக்கொண்டார்.

முதலாளி மேசைக்குப் போய்ப் பட்டியலை எடுத்தார். "எனக்குக் காகிதம் வேணும். அது என் வியாதி. இப்பச் சொன்னியே, அதை எழுதிக் குடு. லிஸ்ட்டுக்குப் பக்கத்துல ஒட்டறேன். உண்டியல்ல போட்டவன் படிக்கட்டும், போடாதவனும் படிக்கட்டும். எவனாவது கேள்வி கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். வகுப்புச் செலவு என்னோடதுதான்."

"எழுத வராது முதலாளி."

"வாயைத் திறக்கவும் வராதுன்னுதான் நினைச்சிருந்தேன். நீ சொல்லு, இவன் எழுதுவான்."

கண்ணாடி சுற்றும் பழுப்புத் தாளில் ஒரு முழம் கிழித்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார் டேப்பு. "மெதுவாச் சொல்லுங்கண்ணே. சொல்லப் போனா, உங்க வேகமே போதும்" என்றார். மதியம் வரை எழுதினார்கள். அதன் நகல் ஒன்றை ஓட்டம் நடத்தியவர்களுக்கும் அனுப்பினார் முதலாளி. அது என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. மாலைக்குள் கவுண்டரில் நான்கு பேர் நின்று அந்தத் தாளைப் படித்துவிட்டார்கள். ஓர் அம்மாள் வாங்க வந்த கண்ணாடியை மறந்து, அதை இரண்டாவது முறை படித்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் மகள் ஷூவைத் தட்டிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தாள். உள்ளங்கால் எரிந்தது. மாட்டிக்கொண்டு குடியிருப்பை ஒரே ஒரு சுற்று, நடையா ஓட்டமா என்று தெரியாத வேகத்தில் சுற்றிவிட்டு வந்தார். முக்காலியில் உட்கார்ந்தார்.

இடது நாடாவில் சிப் இன்னும் இருந்தது. மகள் அதை விரலால் ஒருமுறை சுண்டிப் பார்த்தாள். பிறகு முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள், ஒவ்வொரு துளையாக. அவர் காத்திருந்தார்.